நிறுவனச் செலவில் கேரியர் கோச்: நம்பிப் பேசலாமா?

சிறுசேரிப் பயணி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் குழுவின் லீடாக இருக்கிறேன். துறையில் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்ரைசல் முடிந்த கையோடு மேலாளர் அழைத்து, "உங்களுக்கு ஒரு கேரியர் கோச், அதாவது தொழில் வளர்ச்சிக்கான பயிற்சியாளர், ஏற்பாடு செய்கிறோம். அரை ஆண்டுத் திட்டம், மாதம் ஒரு சந்திப்பு, செலவு நிறுவனத்தினுடையது" என்றார். வாழ்த்துச் சொல்லும் குரலில்தான் சொன்னார். அது வாழ்த்தா எச்சரிக்கையா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

என் நிலைமை இது. டெஸ்டுகளைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோமேஷன் வேலையில் எனக்குக் கை ஓடும். உடைந்துபோன ஸ்கிரிப்டைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்வதில் நேரம் போவதே தெரியாது. ஆனால் அதைக் குறைத்துக்கொண்டு ஆட்களை நிர்வகிக்கும் பக்கம் வரச்சொல்லி மேலிடத்தில் பேச்சு இருக்கிறது. கிளையன்ட் டல்லாஸில். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஏழரை, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிட்டால் எட்டரை. மகள் நான்காம் வகுப்பு. அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வரும் நேரமும் நான் ஹெட்போனை மாட்டும் நேரமும் ஒன்றுதான். மாமியார் இருப்பதால் வண்டி ஓடுகிறது.

திட்டத்துக்கு "சமநிலையான தொழில் வளர்ச்சி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் சந்தேகங்கள்: கோச்சிடம் பேசுவது மேலாளர் காதுக்குப் போகுமா? வீட்டு நெருக்கடியைச் சொன்னால் "இவருக்குப் பொறுப்புத் தாங்காது" என்று முத்திரை விழுமா? மேலாளர் பதவியில் விருப்பமில்லை என்று அங்கே சொல்லலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்வாசி

எங்கள் பக்கத்தில் கோச் என்றால் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டிதான். 1955 முதல் தயாரித்து வருகிறோம். அதனிடம் யாரும் மனம் திறந்து பேசியதில்லை என்பதால் எங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்ததில்லை.

விளையாட்டு இருக்கட்டும். வாழ்த்தா எச்சரிக்கையா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. உங்களோடு இந்தத் திட்டத்தில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அடுத்த பதவிக்குப் பேசப்படுபவர்களாக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வேலை போதவில்லை என்று எச்சரிக்கும் "செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்" என்ற காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கோச்சையும் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேறு கதை. அங்கே கோச் வந்து போனார் என்பதே பின்னாளில் கோப்பில் ஒரு வரியாக நிற்கும். உங்களுக்கு அந்தக் காகிதம் வரவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை.

மணிமுத்தாறு

நான் இந்தத் தொழிலில் இருப்பவள். முன்பு மனிதவளத் துறையில் இருந்தேன், இப்போது நிறுவனங்களுக்குக் கோச்சாகப் போகிறேன். அதனால் நான் சொல்வதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம், கழித்துக்கொண்டு படியுங்கள்.

இதில் மூன்று தரப்பு உண்டு: பணம் கொடுக்கும் நிறுவனம், கோச், நீங்கள். சரியாக நடத்துபவர்கள் முதல் சந்திப்புக்கு முன்பே மூவருக்குமான ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொள்வார்கள். நிறுவனத்துக்கு என்ன போகும், என்ன போகாது என்பது அதில் தெளிவாக இருக்கவேண்டும். வழக்கமாகப் போவது இவ்வளவுதான்: எத்தனை சந்திப்பு நடந்தது, ஒப்புக்கொண்ட இலக்குகள் என்ன, அவற்றில் முன்னேற்றம் உண்டா. அறைக்குள் பேசியது போகாது. சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பின் (அதற்கும் ஐ.சி.எஃப். என்றுதான் சுருக்கம், பெரம்பூர்வாசி மன்னிக்கவும்) நெறிமுறையும் இந்தத் தெளிவை முன்கூட்டியே செய்துகொள்ளத்தான் சொல்கிறது. சட்டம் கேட்டாலோ, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலையில் இருந்தாலோ மட்டும் விதிவிலக்கு.

அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காமல் முதல் சந்திப்பில் உட்காராதீர்கள். "எல்லாம் ரகசியம்தான்" என்று வாயால் சொன்னால் போதாது.

இன்னொன்று. நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. நேற்றுவரை காப்பீடு விற்றவர் இன்று கோச் ஆகலாம். அதனால் தகுதியைக் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மேலே சொன்ன கூட்டமைப்பின் சான்றிதழில் மூன்று படிகள் உண்டு. முதல் படியான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும், அடுத்த பி.சி.சி.க்கு 125 மணி நேரப் படிப்பும் 500 மணி நேர அனுபவமும், உச்சியில் உள்ள எம்.சி.சி.க்கு 2,500 மணி நேர அனுபவமும் வேண்டும். சான்றிதழ் இருந்தால் நல்ல கோச் என்று அர்த்தமில்லை. ஆனால் இவ்வளவு நேரம் பிறர் பேசுவதைக் கேட்டிருக்கிறார் என்றாவது தெரியும்.

காவிரிக்கரைக் கணக்கர்

அம்மா, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் கோச்சும் கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது. கிளையில் மூத்தவர் ஒருவர் இருப்பார். மாலை கேஷ் டேலி ஆன பிறகு டீக்கடையில் நிறுத்தி, "ஏனப்பா, சி.ஏ.ஐ.ஐ.பி. எழுதினாயா, இல்லையா?" என்பார். அதுதான் தொழில் வளர்ச்சி ஆலோசனை. அந்த வங்கித் தேர்வை எழுதித் தேறினால் இன்கிரிமென்ட், பதவி உயர்வுக்கும் ஒரு பிடிமானம். அவர் சொல்வதை யாரும் எடுத்துப்போய் மேலிடத்தில் கொடுக்கமாட்டார்கள், ஏனென்றால் மேலிடத்துக்கு அவரையே பிடிக்காது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எங்கள் வங்கியில் கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆனால் வெளியூர், சில சமயம் வெளிமாநிலம். இந்த ஒரு காரணத்துக்காகவே பதவி உயர்வுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடாமல் இருந்தவர்கள் ஏராளம், அதில் பெண்கள் அதிகம். கும்பகோணத்தில் என்னோடு வேலைபார்த்த அம்மையார் ஒருவர், கிளையில் எவருக்கு வேலையில் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போய் நிற்போம். வெளிநாட்டுச் செலாவணியா, அடகு நகைக் கணக்கா, அவருக்குத் தெரியாத சுற்றறிக்கை இல்லை. கடைசிவரை கவுன்ட்டரில்தான் இருந்தார், விரும்பித்தான் இருந்தார். மூன்று மேலாளர்கள் அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு போனார்கள். அவருக்கு வளர்ச்சி இல்லை என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

மணிமுத்தாறு அவர்களிடம் ஒரு கேள்வி. டெஸ்டிங் தெரியாத ஒருவர் டெஸ்டிங்காரருக்கு என்ன வழி சொல்ல முடியும்?

மணிமுத்தாறு

ஐயா, நியாயமான கேள்வி. வழி சொல்வது கோச்சின் வேலையே அல்ல. நீங்கள் சொன்ன டீக்கடைப் பெரியவர் வழிகாட்டி, தொழில் தெரிந்தவர், "இதைச் செய், அதைச் செய்யாதே" என்பார். கோச் கேள்வி கேட்பார், உங்கள் பதிலையே திருப்பிப் போட்டு மறுபடியும் கேட்பார். 1992-இல் ஜான் விட்மோர் தன் நூல் வழியாகப் பரப்பிய நான்கு படி முறை ஒன்று உண்டு: என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் உண்டு, இவற்றில் எதைச் செய்யப்போகிறாய். பெரும்பாலான கோச்சுகள் இதைத்தான் ஏதாவது ஒரு வடிவத்தில் பயன்படுத்துகிறார்கள். பதவி உயர்வு நடைமுறையோ ஆட்டோமேஷன் கருவியோ தெரிய வேண்டுமென்றால் துறையில் உள்ள மூத்தவரிடம்தான் போகவேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

மூன்றாவதாக ஒரு கதவும் உண்டு. தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், காலையில் எழவே மனமில்லை என்ற நிலையில் ஒருவர் என்னிடம் வந்தால் நான் கோச்சிங்கைத் தொடரமாட்டேன். அது மனநல மருத்துவரிடம் போகவேண்டியது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சிறுசேரிப் பயணிக்கு இது தேவை என்று சொல்லவில்லை. இழையைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இரவுப்பணி

எல்லோரும் இனிமையாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன்.

இரவு பத்து மணிவரை அழைப்பில் உட்கார வைப்பது யார்? நிறுவனம். அதனால் களைத்துப்போனவருக்குக் கோச் ஏற்பாடு செய்வது யார்? அதே நிறுவனம். கோச் என்ன சொல்வார்? "உங்கள் நேரத்தை எப்படித் திட்டமிடுகிறீர்கள்?" என்பார். குற்றம் எங்கிருந்து எங்கே நகர்ந்துவிட்டது பாருங்கள்! ஆள் போதாமல் ஓடும் புராஜெக்ட் ஒன்றைத் தனிமனிதரின் மனப்பான்மைக் கோளாறாக மாற்றும் வித்தை இது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். இதற்குக் கோச்சிங்கில் மருந்து உண்டா? ஆள் எடுத்தால் தீரும். அழைப்பு நேரத்தை மாற்றினால் தீரும். அதற்குப் பணமில்லை, கோச்சுக்கு மட்டும் இருக்கிறது.

மணிமுத்தாறு

நீங்கள் சொல்வதில் பாதியை நான் மறுக்கவே மாட்டேன். அமைப்பின் பழுதை ஆளின் பழுதாக எழுதச் சொல்லும் நிறுவனங்களை நானும் பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டு வேலைகளை அதனாலேயே ஏற்கவில்லை. மற்றப் பாதியில்தான் வேறுபடுகிறேன். அழைப்பு நேரத்தை மாற்றச் சொல்லி யாராவது கேட்டாக வேண்டும். அதை எந்தச் சொற்களில், யாரிடம், எப்போது கேட்பது என்று ஒருவர் உட்கார்ந்து யோசிக்க மாதம் ஒரு மணி நேரம் கிடைப்பது நல்லதுதான்.

இரவுப்பணி

கேட்டுவிட்டுக் கிடைக்காவிட்டால்?

மணிமுத்தாறு

கிடைக்காது என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். அதை வைத்து அவர் முடிவெடுக்கலாம். "கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ" என்ற எண்ணத்திலேயே பலர் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள்.

கண்ணாடி அறை

மனிதவளத் துறையிலிருந்து உள்கதை. (எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.)

கோச்சுக்கான பணமும் ஆள் எடுப்பதற்கான பணமும் வெவ்வேறு தலைப்பில் வருபவை. பயிற்சி நிதியை ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு குறைத்துவிடுவார்கள். ஆகவே சில சமயம் உங்களுக்குக் கோச் கிடைப்பது வாழ்த்தும் அல்ல, எச்சரிக்கையும் அல்ல, மார்ச் மாதம் நெருங்குகிறது என்று பொருள்.

இனி உருப்படியான விஷயம். எங்களுக்கு வரும் கோச்சிங் இலக்குப் படிவங்களில் பத்துக்கு எட்டில் "தகவல் தொடர்புத் திறனை மேம்படுத்துதல்", "தலைமைப் பண்பை வளர்த்தல்" என்றுதான் இருக்கும். இப்படி எழுதினால் அரை ஆண்டு கழித்து வளர்ந்ததா இல்லையா என்பதை மேலாளரின் மனநிலைதான் தீர்மானிக்கும். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: "ரிலீஸுக்கு முந்தைய வாரம், இந்தப் பகுதி இன்னும் தயாராகவில்லை என்பதைக் கிளையன்ட்டிடம் நானே நேரடியாகச் சொல்வேன், மேலாளர் அந்த அழைப்பில் இருக்கத் தேவையில்லை." இதை மறுக்கவோ திரிக்கவோ முடியாது. நடந்ததா, நடக்கவில்லையா என்று யாரும் பார்த்துவிடலாம்.

தொழில்நுட்ப ஏணி பற்றி ஒரு எச்சரிக்கை. "மேலாளர் ஆகாமலே டெஸ்ட் ஆர்க்கிடெக்ட் ஆகலாம், சம்பள நிலையும் சமம்" என்று கொள்கைப் படிவத்தில் அழகாக இருக்கும். அந்த மேல்படியில் இப்போது நிஜமாக யாராவது நிற்கிறார்களா, எத்தனை பேர், அவர்கள் உள்ளிருந்து ஏறியவர்களா வெளியிலிருந்து வந்தவர்களா என்று பாருங்கள். ஆளே இல்லாத படி என்றால் அது சுவரில் வரைந்த ஏணி.

ஓசூர்க்காரன்

நான் உற்பத்தித் துறை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. எங்களிடம் 70:20:10 என்று ஒரு மந்திரம் ஓதுவார்கள். கற்றுக்கொள்வதில் 70 சதவீதம் வேலையிலேயே, 20 சதவீதம் பிறரிடமிருந்து, 10 சதவீதம் வகுப்பில். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் உள்ள தலைமைத்துவ ஆய்வு மையத்தைச் சேர்ந்த மெக்கால், லொம்பார்டோ போன்றவர்கள் 1980-களில் செய்த வேலையிலிருந்து வந்தது. வெற்றிபெற்ற நிர்வாகிகளிடம் "எதிலிருந்து கற்றீர்கள்?" என்று கேட்டுத் தொகுத்த விடைகள் அவை. தராசில் நிறுத்த எண்களாக நினைத்து, பயிற்சி நேரத்தை அந்த விகிதத்திலேயே வெட்டிக் கொடுக்கும் அதிகாரிகளைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் திசை சரிதான்.

எனக்குப் பலன் தந்தது வகுப்பு அல்ல. தரக் கட்டுப்பாட்டில் இருந்தவனைச் சில மாதம் சப்ளையர்களைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். இங்கே மேஜையில் உட்கார்ந்து நிராகரித்துத் தள்ளிய அதே வார்ப்பு, அங்கே ஒரு சின்னப் பட்டறையில் உலைக்கு முன்னால் நின்று ஒருவர் எப்படி ஊற்றுகிறார் என்று பார்த்தபோது, வரைபடத்தில் நாங்கள் போட்டிருந்த அளவே நடைமுறைக்கு ஒவ்வாதது என்று புரிந்தது. திரும்பி வந்து வரைபடத்தை மாற்றச் சொன்னோம், நிராகரிப்பு குறைந்தது. சகோதரி, உங்கள் கோச்சிடம் இந்த மாதிரி தற்காலிக மாற்றம் பற்றிப் பேசுங்கள். மேலாளர் பதவியை ஏற்பதற்கு முன், மேலாளர் விடுப்பில் போகும் சில வாரங்களுக்குப் பொறுப்பை வாங்கிப் பாருங்கள். பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் காரணத்தோடு மறுக்கலாம்.

நூலக இருக்கை

யாரும் எட்கர் ஷைன் பெயரைச் சொல்லவில்லையே என்று உள்ளே வந்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1960-களின் தொடக்கத்தில் அங்கே மேலாண்மை படித்த 44 பேரைப் பின்தொடர்ந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி சந்தித்தார். ஒவ்வொருவரும் வேலை மாறிய காரணங்களைக் கேட்டுக்கொண்டே போனபோது ஒரு விஷயம் தெரிந்தது: ஒவ்வொருவருக்கும் விட்டுக்கொடுக்க மனம்வராத ஒன்று இருக்கிறது. அதை நங்கூரம் என்றார். முதலில் ஐந்து, பின்னர் எட்டாக விரிந்தது. தொழில்நுட்பத் தேர்ச்சி ஒன்று, நிர்வாகம் ஒன்று, வேலைப் பாதுகாப்பு ஒன்று, குடும்பமும் வேலையும் இசைந்த வாழ்க்கைமுறை ஒன்று, இப்படி.

கவனியுங்கள், வாழ்க்கைமுறையும் அந்த எட்டில் ஒன்று. சோம்பேறித்தனத்தின் கணக்கில் ஷைன் அதைச் சேர்க்கவில்லை. சிறுசேரிப் பயணியின் பதிவைப் படித்தால் தொழில்நுட்பமும் வாழ்க்கைமுறையும் அவரைப் பிடித்திருப்பதாகத் தோன்றுகிறது. நிறுவனம் நிர்வாகத்தின் பக்கம் இழுக்கிறது. கோச் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்த இழுபறியை முதல் சந்திப்பிலேயே மேஜைமேல் வைக்காவிட்டால், அரை ஆண்டும் தவறான இலக்கில் போய்விடும்.

பெரம்பூர்வாசி

எட்டு நங்கூரம் போட்டால் கப்பல் எங்கே நகரும்?

நூலக இருக்கை

ஒருவருக்கு ஒன்று, ஐயா. எட்டும் ஒருவருக்கே இருந்தால் அவர் துறைமுகம்.

சிறுசேரிப் பயணி

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், ரிலீஸ் வாரம்.

இரண்டு செய்திகள். திட்டத்தில் என்னோடு இருப்பவர்கள் அடுத்த நிலைக்குப் பேசப்படுபவர்கள்தான், ஆகவே எச்சரிக்கை இல்லை. தொழில்நுட்ப ஏணியின் மேல்படியையும் பார்த்துவிட்டேன். டெஸ்டிங் பிரிவில் ஒருவர்கூட இல்லை. டெவலப்மென்டில் இருக்கிறார்கள். கண்ணாடி அறை சொன்ன சுவர் ஏணி எங்கள் சுவரில்தான் இருக்கிறது.

மூவர் சந்திப்பு நடந்தது. ஒப்பந்தத்தை முன்னதாக அனுப்பக் கேட்டேன், கோச் உடனே அனுப்பினார். அதில் "மேலாளருடன் காலாண்டுக் கருத்துப் பரிமாற்றம்" என்று ஒரு வரி. அதில் என்ன பரிமாறப்படும் என்று கேட்டேன். மேலாளர் கொஞ்சம் சங்கடப்பட்டார். கோச் அந்த வரியை அங்கேயே திருத்தி, "பயிற்சி பெறுபவரும் உடனிருக்க, இலக்குகளின் முன்னேற்றம் பற்றி மட்டும்" என்று எழுதினார். அந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்துத் தனிச் சந்திப்பு. என் காலண்டரைத் திரையில் திறக்கச் சொன்னார். புதன்கிழமையை மட்டும் பார்த்தோம். காலை பத்தரைக்குக் குழுக் கூட்டம், மதியம் இரண்டு மணி நேரம் "ஆட்டோமேஷன்" என்று நானே குறித்துவைத்த இடத்தில் யாரோ போட்ட வேறு கூட்டம், மாலை ஐந்துக்கு அறிக்கை, இரவு ஏழரைக்கு அழைப்பு, ஒன்பதரைக்கு அழைப்பின் குறிப்பை எழுதும் வேலை. "இதில் உங்களுக்கென்று நீங்கள் போட்டது எது?" என்று கேட்டார். மதியம் போட்டதைத்தான் காட்ட முடிந்தது, அதன்மேலும் வேறொரு பெட்டி உட்கார்ந்திருந்தது. இரவுப்பணி பயந்ததுபோல் "நேரத்தைத் திட்டமிடுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. "இந்த இரவு அழைப்பில் நீங்கள் பேசும் நேரம் எவ்வளவு?" என்று கேட்டார். பெரும்பாலான நாட்களில் முதல் கால்மணி நேரம்தான் என் பகுதி.

நிர்வாகப் பதவியில் விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். ஓசூர்க்காரன் அண்ணா சொன்னபடி, மேலாளர் விடுப்பில் போகும்போது பொறுப்பேற்றுப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதுவரை இரண்டு பக்கமும் முடிவில்லை.

இரவுப்பணி

அந்தக் கோச் பரவாயில்லை. ஆனால் கால்மணி நேரம் என்று தெரிந்துகொண்டு என்ன செய்தீர்கள்? அழைப்பு நேரம் மாறியதா?

சிறுசேரிப் பயணி

முழுதாக மாறவில்லை. மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலை அப்படியே தருகிறேன், யாருக்காவது பயன்படலாம்:

"டல்லாஸ் அழைப்பை அவர்கள் நேரம் காலை எட்டு மணிக்கு முன்னகர்த்த முடியுமா என்று கேட்க விரும்புகிறேன். நமக்கு அது மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. டெஸ்டிங் பகுதியை நிகழ்ச்சிநிரலில் முதலாவதாக வைத்தால், என் பகுதி முடிந்ததும் நான் விலகிக்கொள்வேன். வாரத்தில் இரண்டு நாள் என் இடத்தில் குழுவின் மற்ற இரு மூத்தவர்கள் முறைவைத்துப் பேசுவார்கள். அவர்களுக்கும் கிளையன்ட்டுடன் பேசும் பழக்கம் வரும். ஒரு மாதம் சோதனையாகச் செய்துபார்த்து, கிளையன்ட் தரப்பில் குறை வந்தால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்."

டல்லாஸ்காரர்கள் காலை எட்டு மணிக்கு மறுத்துவிட்டார்கள், அவர்கள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். முதலில் பேசிவிட்டு விலகுவதற்கும், முறைவைப்பதற்கும் ஒப்புதல் வந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் ஒன்று புதன்.

காவிரிக்கரைக் கணக்கர்

நல்லது அம்மா. மின்னஞ்சலில் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, மகளைப் பற்றி எழுதக்கூடாதா?

சிறுசேரிப் பயணி

யோசித்தேன் ஐயா. கோச்சும் இதையேதான் கேட்டார். மேலாளருக்கு என் வீடு தெரியும், நேரில் சொல்லியிருக்கிறேன். இந்த மின்னஞ்சல் அவர் வழியாக டல்லாஸுக்கும் போகும் என்பதால் அங்கே தேவைப்படும் காரணத்தை மட்டும் எழுதினேன்.

கண்ணாடி அறை

சரியாகச் செய்தீர்கள். மதியம் இரண்டு மணி நேரத்தின்மேல் கூட்டம் போட்டது யார் என்று சொல்லவில்லையே?

சிறுசேரிப் பயணி

உங்கள் துறைதான். "வேலை–வாழ்க்கைச் சமநிலை" பற்றிய கருத்தரங்கு, வருகை கட்டாயம்.